கோப்பை காலியாகும் வரை

கடைக்காரன் பொட்டலம் கட்டி விற்கிற எதையும் ஷஹாத்தா நம்புவதில்லை. தேயிலையில் மரத்தூள், மிளகில் பப்பாளி விதை, மாத்திரையில் சுண்ணாம்பு. பஞ்சாலையில் தலை நரைக்கும்வரை கொதிகலனுக்குத் தீ போட்டவர். அங்கேயும் அளவுக் கருவியின் முள் காட்டியதை நம்பாமல் குழாயில் கை வைத்துப் பார்த்துத்தான் சூடு சொல்லுவார். அதில் உள்ளங்கைத் தோல் தடித்துப் போனது. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

அதனால்தான் அதிமதுரச் சாற்றையும் தெருவில் தாளம் தட்டி விற்கிறவனிடம் வாங்கமாட்டார். நாட்டு மருந்துக் கடையில் வேரை முழுசாக வாங்குவார். கடித்துப் பார்ப்பார், துப்புவார், பிறகுதான் எடை போடச் சொல்லுவார். வீட்டில் அதை நார் நாராகத் தட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீர் தெளித்து, கறுக்கும்வரை இரண்டு கையாலும் பிசைவார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மல் துணியில் மூட்டையாகக் கட்டி பால்கனிக் கம்பியில் தொங்கவிடுவார். மேலே தண்ணீர் ஊற்ற ஊற்ற, கீழே பாத்திரத்தில் கறுப்புச் சாறு சொட்டும். அதை உயரத் தூக்கி ஊற்றினால் நுரை பொங்கும்.

மற்ற வருஷங்களில் ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும்போது ஆளுக்கு ஒரு கோப்பை. அவ்வளவுதான். இந்த வருஷம்தான் அது மாறியது.

குளிர்காலத்தில் அவர் மனைவி இன்ஷிராஹுக்கு மூச்சு வாங்கியது. கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, இதயமும் சோர்ந்து போயிருக்கிறது என்றார். இதயத்துக்கு ஒரு குட்டி மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை. இனிப்பு கூடாது, உப்பு கூடாது. தேநீர்க் குவளையில் அடியில் சர்க்கரை மண்டி நிற்காவிட்டால் அதைத் தேநீர் என்றே ஒத்துக்கொள்ளாதவள் இன்ஷிராஹ். வெறும் தேநீரை முகர்ந்து பார்த்து வைத்துவிடுவாள்.

"என்ன உம்மு ரகப், மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?" ரகபைப் பெற்றவள் என்பதால் அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"நாக்குல ஒண்ணுமே இல்லைங்க. இப்படி எத்தனை நாள் இருக்கணும்?"

அவர் யோசித்தார். அதிமதுரத்தில் சர்க்கரை கிடையாது. அது வேர். மண்ணுக்குள் கிடந்தது, கம்பெனியில் செய்ததில்லை. இனிப்புக்கு இனிப்பு, மருந்துக்கு மருந்து. அன்று மாலையே துணி மூட்டை கம்பியில் ஏறியது. காலையில் ஒரு கோப்பை, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. ரமலான் வரை காத்திருக்கவில்லை.

கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்காருவார். அவள் சிட்டுக்குருவி மாதிரி மெல்லக் குடிப்பாள். கீழே மூன்று சக்கர வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். கோப்பை காலியானதும் அவர் வாங்கிக் கழுவி வைத்துவிட்டு, கடைத்தெருவில் டாமினோ ஆடப் போய்விடுவார்.

ரமலான் பிறப்பதற்குள் அவள் கால் வீங்கிவிட்டது. காலுறையின் தடம் கணுக்காலில் பள்ளமாக விழுந்தது. ரத்த அழுத்தம் ஏறிப்போயிருந்தது. கிளினிக் டாக்டர் கருவியின் பட்டையை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டே, "வீட்டுல யாரோ உப்புக் குடுக்கறாங்க," என்றார். நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

ஷஹாத்தா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார். ரகபின் மனைவி நக்லா அங்கே பசலை மாதிரியான முலூகியா இலையைப் பொடியாக அரிந்துகொண்டிருந்தாள். ரகப் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான்.

"எங்கடி உப்பு?"

"எந்த உப்பு மாமா?"

"என் பொண்டாட்டிக்குக் கொட்டிக் குடுக்கறியே, அந்த உப்பு."

"அல்லாஹ் சத்தியமா அத்தைக்குத் தனியா வடிச்சுத்தான் வைக்கிறேன். நாங்க சாப்பிடற சட்டியே வேற. வேணும்னா நாக்குல வெச்சுப் பாருங்க."

அவர் நக்கிப் பார்த்தார். உப்பில்லைதான். நாக்கையும் நம்பவில்லை. அலமாரியில் இருந்த டர்னிப் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் கவிழ்த்தார். உப்பு டப்பாவையும் கவிழ்த்தார்.

"இனிமே இந்த வீட்டுல ஒருத்தருக்கும் உப்புக் கிடையாது. எனக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது. அப்ப நீ எப்படிக் கலக்கறேன்னு பாக்கறேன்."

"கலக்கறேனா? நான் என்ன அத்தைக்கு விஷமா வெக்கிறேன்?"

"அதை நீதான் சொல்லணும்."

நக்லா கத்தியை வைத்துவிட்டுத் தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்தாள். உள்ளே படுத்திருந்த இன்ஷிராஹ், "விடுங்க, அவ பாவம்," என்று குரல் கொடுத்தாள். குரலில் காற்றுத்தான் அதிகம் இருந்தது. அன்று மாலையும் அவர் சாறு கொடுத்தார். கஷ்டப்பட்டிருக்கிறாளே என்று இன்னும் அரைக் கோப்பை கூடுதலாகவே கொடுத்தார்.

ரமலான் பிறந்தும், நோயாளிக்கு நோன்பில்லை என்று மூன்று கோப்பையும் தொடர்ந்தன. அதற்குப் பிறகு அவளுடைய கை தளர்ந்தது. சீப்பைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நக்லா வாரிவிட்டாள். ஒரு மதியம், நோன்பு திறக்கும் சமையலுக்காக மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து சுரைப்பிஞ்சுகளைக் குடைந்துகொண்டிருந்தார்கள், உள்ளே அரிசி திணிக்க. குடைகிற கம்பி இன்ஷிராஹின் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் நிமிரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். கண் திறந்துதான் இருந்தது. "கால் என்னோடது இல்லை போல இருக்கு," என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரனின் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே டாக்டர் மர்வா என்று ஒரு பெண். ஷஹாத்தாவின் மூத்த பேத்தி வயதுதான் இருக்கும். தூக்கம் போதாமல் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. ரத்தம் எடுத்தாள். இதயத்தின் துடிப்பை நீளக் காகிதத்தில் வரைந்து எடுத்துப் பார்த்தாள். அது நெளிந்து நெளிந்து கிடந்தது. நக்லாவைக் கேட்டாள், மாத்திரை என்னென்ன, சாப்பாடு என்னென்ன என்று. கடைசியில் அவரிடம் திரும்பினாள்.

"வேற என்ன குடிக்கறாங்க ஹாஜி?"

"ஒண்ணும் இல்லை. தண்ணி. அப்புறம் அதிமதுரச் சாறு. நானே கையால செய்யறது, கலப்படம் கிடையாது."

"தினமுமா?"

"மூணு வேளையும்."

அந்தப் பெண் பேனாவை மூடினாள். "எப்பலேர்ந்து?"

"குளிர்காலத்துலேர்ந்து."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

"நம்ம உடம்புக்குள்ளயே ஒரு சுரப்பு இருக்கு ஹாஜி. காலையில நம்மள எழுப்பி விடறது, பயந்தா ஓட வைக்கறது எல்லாம் அதுதான். வேலை முடிஞ்சா அதை உடைச்சுப் போடணும். சிறுநீரகத்துல அதை உடைக்கறதுக்குன்னே ஒரு பொருள் இருக்கு. அதிமதுரம் அதோட கையைக் கட்டிப் போட்டுடுது. உடையாம அந்தச் சுரப்பு தேங்கிடுது. அது தேங்கினா உப்பும் தண்ணியும் உடம்புலயே தங்கிடும். இதயத்துக்கும் தசைக்கும் வேண்டிய பொட்டாசியம் சிறுநீர்ல போயிடும். நீர் மாத்திரையும் சேர்ந்து அதை வெளிய தள்ளியிருக்கு. அது குறைஞ்ச உடம்புல இதய மாத்திரை விஷமாகுது."

கொதிகலனில் சாம்பல் கிளறி எடுக்காவிட்டால் அடியில் கட்டி தட்டிப் போகும், காற்று ஏறாது, தீ மூச்சுத் திணறிச் சாகும். அவள் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியதனாலேயே கோபம் வந்தது.

"சாம்பல் அள்ளத் தெரியாதவன் நான்னு சொல்றியா?"

"நான் உங்களைச் சொல்லலை ஹாஜி."

"எங்க அப்பன் குடிச்சான், தாத்தன் குடிச்சான். ரமலான்ல ஊரே குடிக்குது. ஊரே செத்தா போச்சு?"

"ஊர் ஒரு கோப்பை குடிக்குது. ஊருக்கு இதய மாத்திரை இல்லை."

"சரி, அதை வெளிய எடு."

"எடுக்க முடியாது. அதுவா கழியணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். அதுவரைக்கும் குறைஞ்சதை நாங்க ஏத்திக்கிட்டே இருப்போம். இதய மாத்திரையை நிறுத்தியாச்சு. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். இனிமே ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க. வீட்டுச் சாப்பாடும் வேண்டாம். சர்க்கரை இல்லாத தேநீர் மட்டும் குடுக்கலாம்."

அவர் தலையாட்டினார். தலைதான் ஆடியது. தாழ்வாரத்துக்கு வந்ததும் நக்லாவிடம் சொன்னார்: "கிளினிக்காரன் மாத்திரையைக் கண்டபடி ஏத்தினான். ஆள் விழுந்துட்டா. இப்ப ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கறாங்க. பழியைத் தூக்கி வேர் மேல போடறாங்க. வேர் வாயைத் திறந்து பேசாதில்ல."

"அந்தம்மா சொல்றதுல நியாயம் இருக்கற மாதிரி இருக்கு மாமா."

"உனக்கு என்ன தெரியும்?"

ஆனாலும் அவர் அன்று கொடுக்கவில்லை. முதலில் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். குழாயில் கை வைத்துப் பார்க்கிற ஆளாயிற்றே. மாலையில் பாங்கு சொன்னதும் தாழ்வாரத் தரையில் மற்ற நோயாளிகளின் ஆட்களோடு உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழம் கடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃப்ளாஸ்கைத் திறந்தார். அவள் நாள் முழுக்கக் குடித்த அளவைத் தானே குடித்தார். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு இன்னொரு முறை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஒன்றும் ஆகவில்லை. கால் வீங்கவில்லை. மாடிப்படி ஏறினார், மூச்சு வாங்கவில்லை. தண்ணீர் வாளியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், தூக்க முடிந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் அண்ணன், "என்ன ஹாஜி, உடற்பயிற்சியா?" என்று சிரித்தான்.

"கல்லு மாதிரி இருக்கேன் பாரு," என்றார் ஷஹாத்தா.

இதற்குள் இன்ஷிராஹ் தேறி வந்தாள். கையைத் தூக்கித் தலைத்துணியைத் தானே சரிசெய்தாள். காகிதத்தில் நெளிவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் மர்வா சொன்னாள். "கழிய ஆரம்பிச்சிருக்கு. அவசரப்படக் கூடாது," என்றாள். ஷஹாத்தாவின் கணக்கு வேறாக இருந்தது. இதய மாத்திரையை நிறுத்தினார்கள், ஆள் தேறினாள். அப்படியென்றால் குற்றம் மாத்திரையில். தான் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் வேர் சுத்தம். ஒரு கழித்தல் கூட்டலில் எல்லாம் சரியாக வந்தது.

மறுநாள் காலை ஃப்ளாஸ்கோடு உள்ளே போனார். சாறும் கறுப்பு, தேநீரும் கறுப்பு. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் மூடியில் ஊற்றியதும் இன்ஷிராஹ் வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"டாக்டர் பொண்ணு வேண்டாம்னாளே."

"அவ பாடப் புத்தகத்தைப் பாத்துச் சொல்றா. நான் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். எனக்கு ஏதாவது ஆச்சா?"

"நீங்க கொதிகலன். நான் அப்படியா?"

"வாய் கசக்குதுன்னு நேத்து யாரு அழுதது?"

அவள் வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் உறிஞ்சினாள், மடியில் வைத்தாள். மறுபடி கொஞ்சம் உறிஞ்சினாள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சீக்கிரம் குடியேன். நர்ஸ் வந்துடப் போறா. ஏன் இப்படிச் சொட்டுச் சொட்டாக் குடிக்கற?"

"காலியாயிட்டா எந்திரிச்சுப் போயிடுவீங்க."

"என்னது?"

"வீட்டுலயும் அப்படித்தானே. கோப்பை காலியாகற வரைக்கும்தான் என் பக்கத்துல உக்காருவீங்க. அதான் மெதுவா குடிப்பேன். மத்தபடி எனக்குப் பிடிச்சது புளிச் சர்பத்துதான். உங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது."

"பைத்தியக்காரி," என்றார். மூடி காலியான பிறகும் அன்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் ஃப்ளாஸ்க் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அவள் கேட்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

மாத்திரை நிறுத்தியிருக்கிறதே, இனி என்ன என்று அவர் இருந்தார். ஆனால் அவள் கை மறுபடி தளர்ந்தது. தலைத்துணி நழுவினால் அப்படியே கிடந்தது. பேச்சு பாதியில் நின்றது. இமை கனத்துத் தொங்கியது. அவர் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் முற்பகல் டாக்டர் மர்வா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு வேகமாக வந்தாள். கட்டிலின் இந்தப் பக்கம் ஷஹாத்தா, அந்தப் பக்கம் நக்லா. அவள் நேராக நக்லாவிடம் போனாள்.

"ஏறிக்கிட்டு வந்த பொட்டாசியம் மறுபடி கீழ விழுந்திருக்கு. நாங்க ஏத்தறதெல்லாம் ஓட்டைப் பானையில ஊத்தின மாதிரி போகுது. சாப்பாடு நீதானே கொண்டு வர்ற? என்ன குடுத்த?"

"நான் ஒண்ணும் குடுக்கலை டாக்டர். மாமாவுக்குத்தான் சாப்பாடு எடுத்துட்டு வர்றேன்."

"பொய் சொல்லாத. உன் அத்தை உயிர் போயிட்டிருக்கு. ஏதோ ஒண்ணு உள்ள போகுது."

"அல்லாஹ் சத்தியமா, என் பிள்ளைங்க சத்தியமா..."

நக்லாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் ஷஹாத்தாவைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த ஃப்ளாஸ்கைப் பார்த்தாள். பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது ஷஹாத்தாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்ததற்கும், தாழ்வாரத்தில் அவள் வாயை அடைத்ததற்கும் பிறகு, வீட்டில் யாரும் அவருக்கு எதையும் எடுத்துச் சொல்லும் வழக்கம் போய்விட்டிருந்தது.

அவர் குனிந்து ஃப்ளாஸ்கை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்து டாக்டரின் முன்னால் நீட்டினார்.

"அவளை விடு. நான்தான்."

டாக்டர் மர்வா முகர்ந்தாள். ஃப்ளாஸ்கைக் கையில் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். அவ குடிச்ச அளவு நானும் குடிச்சேன். இப்பவும் குடிக்கறேன், வேணும்னா என் ரத்தத்தை எடுத்துப் பாரு."

"உங்க உடம்பு உங்க உடம்பு ஹாஜி. அது அவங்க உடம்பு." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க சிறுநீரகம் தாங்கும், கழிக்கும். கொஞ்ச நாளைக்குத் தெரியாது, அப்புறம் உங்களையும் படுக்க வைக்கும். அவங்களோடது சர்க்கரையில பாதி போயிடுச்சு. உங்களுக்கு ரெண்டு நாள்ல போறது அவங்க உடம்புல ரெண்டு வாரம் நிக்கும். இதய மாத்திரையும் அப்படித்தான், நிறுத்தினாலும் அவங்க உடம்பை விட்டு இன்னும் முழுசாப் போகலை. ரெண்டும் சேர்ந்து நிக்குது."

"இப்ப என்ன செய்யறது?"

"காத்திருக்கறது. அது கழியற வரைக்கும் இதயம் தாங்கணும்."

இன்ஷிராஹை உள்ளே கண்ணாடி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. நக்லா கட்டிலோடு ஓடியவள், திரும்பி வந்து சொன்னாள்: "டாக்டர் பொண்ணுகிட்ட, உங்களைச் சத்தம் போட வேண்டாம்னு அத்தை சொல்லச் சொன்னாங்க."

அன்றைக்கு மாலை பாங்கு சொன்ன பிறகும் அவர் நோன்பு திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் அண்ணன்தான் பேரீச்சம்பழத்தை வலுக்கட்டாயமாகக் கையில் திணித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்துப் பார்க்க அங்கே குழாய் எதுவும் இல்லை. முள் மாதிரி அந்தக் கோட்டை மட்டும்தான் பார்க்க முடிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முள்ளை நம்பினார். அது சரியாகத்தான் காட்டியது.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் இன்ஷிராஹ் இறந்துபோனாள்.

பிற்பகல் அஸர் தொழுகையோடு அடக்கமும் முடிந்தது. ஃபோனில் ரகப் குழந்தை மாதிரி அழுதான். "என்ன ஆச்சு? தேறிட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்று கேட்டான். ஃபோன் நக்லாவிடம் இருந்தது. ஷஹாத்தா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதயம் தாங்கலைங்க," என்றாள் நக்லா.

ஷஹாத்தா கையை நீட்டி ஃபோனை வாங்கினார். "உங்கம்மாவை நான்தான் கொன்னேன்டா," என்றார். ரகப், "அப்படியெல்லாம் பேசாதீங்க வாப்பா, எல்லாம் விதி," என்றான். அதை அவன் வயசானவரின் துக்கம் என்று எடுத்துக்கொண்டான். அவர் மறுபடி சொல்லப் பார்த்தார், ரகபின் அழுகை குறுக்கே வந்தது. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நோன்பு திறந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். சர்க்கரையில்லாத கறுப்புக் காபி வந்துகொண்டே இருந்தது. துக்க வீட்டில் அப்படித்தான். எல்லோரும் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆட்கள் போன பிறகு நக்லா பருப்பு சூப் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

"உப்பில்லை."

"நீங்கதானே மாமா வீட்டுல உப்பே வேண்டாம்னீங்க."

அவர் கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தார். "நாளைக்கு வாங்கிட்டு வரேன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஊறுகாயும்," என்றார்.

நக்லா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவர் காபியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அவள் நாற்காலி காலியாக இருந்தது. தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பியில் துணி மூட்டை காய்ந்து விறைத்துத் தொங்கியது. கீழே தெருவில் பண்டிகைக்குப் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு ஜனங்கள் போனார்கள். எங்கேயோ சாறு விற்கிறவனின் தாளம் கேட்டது, பிறகு தூரத்தில் தேய்ந்தது.

ரொம்ப நேரம் கழித்து நக்லா வந்து எட்டிப் பார்த்தாள். காபி ஆறிப் போயிருந்தது. அடியில் ஒரு வாய்தான் மிச்சம்.

"குடிச்சிட்டீங்களா மாமா? கோப்பையைக் குடுங்க, கழுவி வெக்கிறேன்."

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இல்லை. இன்னும் இருக்கு."